ரெண்டு நூல் இடம்

மாமா அளப்பார், அக்கா வெட்டுவாள். எங்கள் கண்ணாடிக் கடையில் வேலைப் பிரிவினை அவ்வளவுதான். நடுவில் நான், அக்காவின் தங்கை. மாமா அளந்துவந்து மேசை விளிம்பில் ஒட்டுகிற டேப்பில் அளவை எழுதுவார். நான் அதை உரக்கப் படிப்பேன். அக்கா கட்டரைக் கையில் எடுத்த பிறகு இன்னொரு முறை படிப்பேன். சந்தேகம் தீராவிட்டால் மறுபடியும். அதனால் மாமா எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் எழுதுவது கண்ணாடியின் அளவு அல்ல, சட்டத்தின் அளவு. சட்டத்துக்குள் கண்ணாடி இறுக்கமாக உட்கார்ந்தால் வெயிலில் விரிந்து விரிசல் விடும். எனவே நீளத்திலும் அகலத்திலும் ரெண்டு நூல் குறைத்து வெட்டவேண்டும். நூல் என்பது எங்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மற்ற கடைகளில் அளக்கிறவரே அதைக் கழித்துவிட்டுச் சொல்வார். எங்கள் கடையில் கழிப்பது அக்கா. கல்யாணமான புதிதில் மாமா ஒருநாள் கழிப்பதும் ஒருநாள் மறப்பதுமாக இருந்து நிறையக் கண்ணாடி வீணானதாம். "சட்டத்துல இருக்கறதை அப்படியே சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று அவளே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல வருடம் அளவில் தவறு வந்ததே இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் மாமாவுக்கு வெளியூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி போடுகிற கம்பெனி. அன்று மாமா சாப்பிடுவதை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசினார். குளியலறைக் கண்ணாடியும் சமையலறை ஜன்னலுமாகவே வயசு போகிறது, முப்பதாவது மாடியில் நின்று ஒரு நாளாவது வேலை பார்க்கவேண்டும் என்றார். அக்காவையும் வரச் சொன்னார். அங்கே வெட்டுவதற்கு மெஷின் இருக்கிறது, இனி அவள் கையைக் கிழித்துக்கொண்டு கஷ்டப்படவேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அக்காவின் முகம் அந்த இடத்தில்தான் மாறியது என்று நினைக்கிறேன்.

"அப்ப நான் அங்க எதுக்கு?" என்று கேட்டாள்.

அதன்பின் பல நாட்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பாள் அக்கா. பசியில்லை என்று உங்க அக்காவிடம் சொல்லிவிடு என்பார் மாமா. மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். கடையின் பின்னறைதான் எங்கள் வீடு. அம்மா போன பிறகு எனக்கு அதைவிட்டால் வேறு வீடும் கிடையாது.

ஒரு காலையில் மாமா பல் தேய்த்துக்கொண்டே அந்த வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மத்தியானம் கடைத்தெருவுக்குப் போய், வெட்டுமேசைக்குப் புதுக் கம்பளித்துணி வாங்கிவந்து ஒட்டினாள். பழைய துணி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வெளியே போகத் தொடங்கினார். சிநேகிதனுக்குக் கால் ஒடிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். அக்கா அந்தச் சிநேகிதனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் தடுப்புக்குக் கண்ணாடி கேட்டிருந்தார்கள். பெரிய கண்ணாடி என்பதால் அதைப் பொருத்த மூவருமே போனோம். தூக்கிச் சட்டத்தில் வைத்து, இடதுபக்கம் சட்டத்தின் ஓரப்பட்டையான பீடிங்குக்குள் தள்ளினால் வலதுபக்கம் வெளியே வந்தது. வலதுபக்கம் தள்ளினால் இடதுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. மாமா மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தார்.

"பரவால்லம்மா," என்றார் டாக்டரம்மா. "நான் தப்பான பல்லைப் பிடுங்கிட்டா வேற வெட்டிக் கொண்டுவரக்கூட முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. நான் எண்ணை மாற்றிப் படித்திருக்க வேண்டும். சரியாகப் படித்ததாகத்தான் ஞாபகம், ஆனால் என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்க்கா."

அக்கா மாமாவின் இடுப்பிலிருந்த அளவு டேப்பை உருவி, சட்டத்தைத் தானே அளந்தாள். பிறகு கண்ணாடியை அளந்தாள்.

"நாலு நூல் குறையுது. நான் ரெண்டுதான் கழிச்சேன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. தன் வலது கையைப் பார்த்தார்.

"எங்க பழகுனீங்க?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஞாயித்துக்கிழமையா?"

"கை தானாக் கழிச்சிருச்சு," என்றார் மாமா.

டாக்டரம்மா மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா கண்ணாடியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேலையை அவர் மறுக்கவில்லை, அவகாசம்தான் கேட்டிருந்தார். கால் ஒடிந்த சிநேகிதன் என்று யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கம்பெனி இங்கே வைத்திருக்கும் பட்டறையில் பயிற்சி. அங்கே அளக்கிறவரே கழித்துக் கொடுக்கவேண்டும், மெஷின் சொன்னதை வெட்டும். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தாராம்.

"எப்பப் போறீங்க?"

"அடுத்த மாசம்."

"அந்தச் சாப்பாட்டை யார் சாப்பிட்டது?"

அக்கா கண்ணாடியின் மறுபக்கத்தைப் பிடித்து, இருவரும் சேர்ந்து அதை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அந்த நேரத்திலும் இரண்டு பேரின் கைகளும் ஒன்றாகத்தான் இறங்கின.

"மறுபடி அளங்க," என்றாள் அக்கா.

மாமா அளந்தார். எண்ணைச் சொல்லத் திரும்பியவர் தயங்கி நின்றார். "எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார். அவர் அப்படித் திகைத்துப்போய் நின்று நான் பார்த்ததில்லை.

"அங்க சொல்ற மாதிரியே சொல்லுங்க. நான் கழிக்கலை."

கடைக்கு வந்து அவர் சொன்னபடியே வெட்டினாள். சாயங்காலம் கொண்டுபோய் வைத்தோம். அது பொருந்தாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. கண்ணாடி ஒரே தடவையில் உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா விரலால் தட்டிப் பார்த்து, அருமை என்றார்.

நான் மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். வேலையில் நடந்ததை அன்றன்றே வரிசையாக எழுதி, தவறு இருந்தால் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது ஆசிரியரின் உத்தரவு. அளந்தவர் அளவைக் கழித்தார், வெட்டியவரும் கழித்தார் என்று எழுதினேன். இரண்டும் உண்மை. படித்துப் பார்த்தால் யாருடைய வீட்டிலோ நடந்தது மாதிரி இருந்தது.

கிளம்பும் முன் மாமா இன்னொரு முறை அக்காவைக் கூப்பிட்டார். கடையை என்னிடம் விட்டுவிட்டு வரலாமே என்றார். நீங்கள் இருந்துவிடலாமே என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அவர்கள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் நடுவில் புகுந்திருப்பேன். வாரத்துக்கு ஒரு முறை போன் வருகிறது. முதலில் மாமா தான் வேலை பார்க்கும் கட்டடத்தைப் பற்றி நிறையப் பேசினார். இப்போது மழையா வெயிலா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

அளக்கிற வேலை எனக்கு வந்தது. முதல்முறையாக ஒரு வீட்டு ஜன்னலுக்குப் போனேன். மேலே, நடுவில், கீழே என்று அளந்து, திரும்பவும் அளந்து, கடைக்குப் போன் செய்து அளவைச் சொன்னேன்.

"கழிச்சியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. சட்டத்துல இருக்கறது."

"சரி, லைன்லயே இரு."

போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அளவுகோல் நகர்ந்தது. கட்டர் கண்ணாடியில் ஓடத் தொடங்கியது. கண்ணாடி வெட்டும்போது நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கோடு அங்கேயே செத்துவிடும், பிறகு எவ்வளவு பக்குவமாக உடைத்தாலும் கண்ணாடி தன் இஷ்டத்துக்குத்தான் போகும். அக்கா எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

கட்டர் பாதி தூரம் போய் நின்றது.

நான் காத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். வெகுநேரம் கழித்து அக்கா போனை எடுத்தாள். மூக்கடைத்த குரல்.

"வேற கண்ணாடி எடுத்திருக்கேன்," என்றாள். "அளவை முதல்ல இருந்து சொல்லு."