சலவைப் பிரிவு ஊழியர்களுடன் அரசியார்

பேருந்து ஓட்டுநர் சீருடையிலேயே ஒரு பெண் வாசலில் வந்து நின்றபோது, பல் செட் செய்பவர் முன்னறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாற்பது ஓட்டல்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தார். பயணப் பெட்டிகளில் ஒட்டும் வண்ணச் சீட்டுகள், தீப்பெட்டி அட்டைகள், சோப்பு உறைகள், 'எல்லா அறைகளிலும் வெந்நீர்' என்று பெருமையடிக்கும் விளம்பரத் தாள்கள் ஒரு பக்கம். ராஜா தலை அச்சிட்ட பிஸ்கட் டப்பாக்கள், முடிசூட்டு விழாக் காகிதக் கொடிகள், அரச ஊர்வலத்துக்கான அழைப்பிதழ்கள் இன்னொரு பக்கம். இருபத்தெட்டு வருடச் சேர்மானம். மகள் இரட்டைக் குழந்தைகளோடு வீடு திரும்புகிறாள், அறை வேண்டும். மனைவி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவராகத்தான் எல்லாவற்றையும் விற்கப்போவதாகப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் கடைக்காரர் வேனோடு வருவதாக ஏற்பாடு.

"பஸ்ல யாரோ விட்டுட்டுப் போன பேப்பர்ல பார்த்தேன் சார்" என்றாள் அவள். ஐம்பது வயதைத் தாண்டியவள். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஆத்தோரமா ஒரு பெரிய ஓட்டல் இருந்துச்சே, இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டிட்டாங்களே, அதோடது ஏதாவது இருக்குங்களா? அந்த ராணியம்மா வந்துட்டுப் போன வருஷத்தோடது."

பல் செட்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்கு வந்த எவரும் குறிப்பிட்ட ஓட்டலையும் குறிப்பிட்ட வருடத்தையும் கேட்டதில்லை. 'இதையெல்லாம் வெச்சு என்ன பண்ணுவீங்க?' என்றுதான் கேட்பார்கள்.

"உட்காருங்கம்மா. உங்களுக்கு எதுக்கு அது?"

அவர் மனைவி கொண்டுவந்த தேநீரை வாங்கி, பாதி குடித்த பிறகு அவள் சொன்னாள். அவள் அம்மா அந்த ஓட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள். அரசி வந்த அன்று, பிறந்து பதினோரு நாளே ஆன குழந்தையை வீட்டில் விட ஆளில்லாமல் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனாளாம். பின்வாசலில் ஊழியர்கள் வரிசையாக நிற்க, அரசி நடந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாளாம். அந்தக் குழந்தை இவள்தான். வீட்டில் அன்றிலிருந்து இவளுக்கு மகாராணி என்றே பெயர். அண்ணன்மார் கேலிக்குக் கூப்பிட்டார்கள், அம்மா நிஜமாகவே கூப்பிட்டாள்.

"கல்யாணமான புதுசுல, என் மாமியார் வீட்டு ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியும் அம்மா இந்தக் கதையை எடுத்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானம் போச்சு. 'போதும்மா, இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பொய்யைச் சொல்லுவ'ன்னு கேட்டுட்டேன் சார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் அம்மா அந்தக் கதையைச் சொன்னதே இல்ல. மகாராணின்னும் கூப்பிடல. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. இருபத்தஞ்சு வருஷமாச்சு."

பல் செட்காரர் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நினைவு மலரை எடுத்து வந்தார். தங்க முத்திரை வைத்த அட்டை. அரசி வருகையை ஒட்டி ஓட்டல்காரர்களே அச்சிட்டது. அவர் அதை நூறு தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பார், அட்டையையும் பின்பக்க விளம்பரத்தையும் மட்டும். நடுவில் நாலு பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கிழிந்துவிடுமோ என்று பயந்து அவர் பிரித்ததே இல்லை.

"ஆவி காட்டினா விட்டுடும்" என்றாள் மனைவி.

"வேணாம்மா. மை கலைஞ்சுடும்."

"ஞாயித்துக்கிழமை வேன்ல ஏத்தப்போற புஸ்தகம்தானே?"

மூன்று பேரும் அடுப்படிக்குப் போனார்கள். கெட்டிலின் மூக்கிலிருந்து வந்த ஆவியில் மனைவி புத்தகத்தைக் காட்டிக் காட்டி எடுத்தாள். வெண்ணெய்க் கத்தியின் மழுங்கிய முனையை விளிம்பில் நுழைத்து, தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல, மெல்ல மெல்லப் பிரித்தாள். காகிதம் ஒரு இடத்தில் சர்ரென்றது. பல் செட்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு பக்கம் முழுசாகத் திறந்துகொண்டது.

ஒரு புகைப்படம். பின்வாசல், துணி உலர்த்தும் கொடிகள், வரிசையாகப் பெண்கள். தொப்பியும் கையுறையும் அணிந்த அரசி. வரிசையின் கடைசியில் ஒல்லியாக ஒருத்தி, நெஞ்சோடு அணைத்த வெள்ளை மூட்டை. அரசியின் கை அதை நோக்கி நீண்டிருந்தது. கீழே ஒரே வரி: 'சலவைப் பிரிவு ஊழியர்களுடன் அரசியார்.'

"அம்மாதான்" என்றாள் ஓட்டுநர். "அது அம்மாவேதான். ஆனா கையில இருக்கிறது..."

அதுதான் தெரியவில்லை. குழந்தையாகவும் இருக்கலாம், மடித்த மேசைவிரிப்புகளாகவும் இருக்கலாம். பல் செட்காரர் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து குனிந்தார். 'குழந்தைதான்' என்று சொல்லிவிட வேண்டுமென்று அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் கிட்டே போகப் போக முகமும் இல்லை, துணியும் இல்லை. அச்சின் கரும்புள்ளிகள்தான் இருந்தன. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். பிறகு தானே எதிர்பாராமல், "நீங்க எடுத்துட்டுப் போங்க. உங்களுக்குத்தான்" என்றார். இதுவரை ஒரு தீப்பெட்டி அட்டையைக்கூட அவர் யாருக்கும் தூக்கிக் கொடுத்ததில்லை.

"அவங்க அம்மாவைப் பார்க்க நாமளும் கூடப் போவோம்" என்று மனைவி செருப்பைத் தேடினாள். வழியில், பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கடைக்காரரை ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணையாவது ஒழுங்கா பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த 'பார்த்திருக்கீங்களா'வில் அவளும் கூட உட்கார்ந்து பார்க்கப்போகிற தோரணை இருந்தது.

ஓட்டுநரின் அம்மா இரண்டாவது மாடி வீட்டில், கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கும் வயதிலும் ஓரம் ஓரத்தோடு நூல் பிசகாமல் சேர்ந்தது. மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"அம்மா, நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னிக்கு?" என்றாள் அம்மா, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

மகள் புத்தகத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. படத்தில் தன் பக்கத்தில் நின்றவளின் பெயரைச் சொன்னாள், அதற்கடுத்தவளின் பெயரையும் சொன்னாள்.

"நீ கையில வெச்சிருக்கிறது எதுன்னு தெரியலம்மா" என்றாள் மகள் மெதுவாக. "சாருக்கும் தெரியல. பார்க்க துணி மூட்டை மாதிரியும் இருக்கு."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஓட்டலின் முதலாளிக்கு வேலை சொல்லிக்கொடுப்பவள்போல விரலை நீட்டினாள்.

"இடது கையைப் பாருடி. எங்க இருக்கு அது? துணி மூட்டையை எவளாவது தலையைத் தாங்கிப் பிடிப்பாளா?"

மகள் குனிந்தாள். பல் செட்காரரும் மனைவியும் ஆளுக்கொரு தோள்பக்கமாக எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் கை இப்போது படத்தின் மேலேயே இருந்தது. தொப்பியும் கையுறையுமாக அரசி மொத்தமாக உள்ளங்கைக்கு அடியில் போய்விட்டாள். விரல்நுனிக்கு அப்பால், வெள்ளை மூட்டையின் ஒரு முனைக்குக் கீழே, படத்துப் பெண்ணின் ஐந்து விரல்களும் விரிந்து ஒரு சின்ன கிண்ணம்போல ஏந்தியிருந்தன.