வெறும் கண்ணாடி

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இருட்டறைதான் கதி. சாதாரண மைக்ராஸ்கோப்பில் மங்கல் கறையாகத் தெரியும் செல்லின் சவ்வு, அங்கிருந்த கருவியில் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொரு புள்ளியும் சாயம் ஏற்றிய ஒரு புரதம். அவை கும்பல் கும்பலாகக் கூடி நிற்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். புற்றுநோய் தொடங்குவதே அந்தக் கும்பல்களில்தான் என்று பேராசிரியர் மேடைக்கு மேடை முழங்கினார். அவளுடைய டாக்டர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

கை சும்மா இருந்ததா? செல்லே இல்லாத வெறும் கண்ணாடித் தகட்டில் சாயத்தை மட்டும் தடவி ஒரு படம் எடுத்தாள். அதே கும்பல்கள்! சாயம் அணைந்து அணைந்து எரியும். எரியும்போதெல்லாம் கருவி ஒரு புதுப் புள்ளி வைத்துவிடும். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கைதூக்கியதை ஊரே திரண்டதாக எண்ணியிருந்தார்கள்.

"சார், அது கும்பலே இல்ல. ஒண்ணையே பல தடவ எண்ணியிருக்கோம்."

பேராசிரியர் நிமிரக்கூட இல்லை. "வெறும் கண்ணாடிய யாரும்மா உன்னப் படம் எடுக்கச் சொன்னா?"

"சரிபாக்கணும்ல சார்?"

"கட்டுரை அச்சுக்குப் போகப்போகுது. வாய மூடிக்கிட்டு இரு."

"அப்போ என் பேர எடுத்துடுங்க சார்."

ஒரு பேச்சுக்காவது தடுக்க வேண்டுமே! பெரிய மனிதர், சந்தோஷமாக எடுத்தார். கூடவே இருட்டறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். பட்டம் போயிற்று. அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பி, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கட்டுரை வந்த இதழின் அட்டையைப் பழைய சகா ஒருத்தி போனில் அனுப்பியிருந்தாள். கறுப்புப் பின்னணியில் பொன்னிறப் புள்ளிகள். ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும்; அந்த வெறும் கண்ணாடியைத் துடைக்கும்போது அவளே போட்ட கீறல் அது. அவள் விட்டுவந்த படங்களில் எது அழகாக இருக்கிறதென்று பார்த்துப் பொறுக்கியிருக்கிறார் மனிதர். கீழே 'புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பு' என்று போட்டிருந்தது. சிரிப்பு வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நீ எடுத்த படமாடி? எவ்வளவு அழகா இருக்கு! உன் பேரு எங்க?"

"இல்லம்மா."

"சரி, அந்தச் செல்லுன்னு சொல்வியே, அது எங்க?"

"அதுவும் இல்லம்மா."