கருநாக்கு

தச்சரின் மைத்துனருக்கு அவசரம் கூடவே பிறந்தது. பிரசவ அறையில் நர்ஸ் கையுறை மாட்டி முடிப்பதற்குள் வெளியே வந்து, "இன்னும் என்ன பண்றீங்க?" என்பது போல அழுதாராம். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்புவது உங்கள் பாடு.

அவருடைய போட்டோ ஃபிரேம் பட்டறையில் மைட்டர் ரம்பம் பார்ப்பவர் தங்கையின் கணவரான தச்சர். சட்டத்தின் நான்கு மூலையும் பிசிறில்லாமல் சேர, அந்த மெஷின்தான் சாய்வாக அறுத்துத் தர வேண்டும். தச்சர் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குவார். பிளேடு முழு வேகம் பிடித்த பிறகே இறக்குவார். அறுத்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகுதான் தூக்குவார்.

"அது நிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் மாப்ள" என்பார் மைத்துனர். நரைத்தும் விட்டது. அதற்கும் தச்சர்தான் பொறுப்பு.

சண்டை ஒரு துண்டுக் கம்பியால் வந்தது. பிளேடுக்கு ஒரு மூடி உண்டு. ரம்பத்தை இறக்கினால் தானே விலகும், தூக்கினால் தானே மூடிக்கொள்ளும். கட்டையில் போட்ட கோட்டை மறைக்கிறதென்று மைத்துனர் அதை மேலே ஏற்றிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவார். தச்சர் குறடால் வெட்டி எறிவார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் மறுபடியும் கம்பி. கம்பிக் கடைக்காரர் இந்தப் பட்டறையை நம்பியே மாடி கட்டினார்.

"மச்சான், விரல் போயிடும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"மூடியை அவுத்து விடுங்க, வரும்."

தச்சர் பல் பிடுங்கப் போயிருந்த ஒரு நாள், மைத்துனர் சுண்டுவிரல் நீளத் துண்டொன்றை வெறுங்கையால் பிடித்து அறுத்தார். கட்டை துள்ளியது, கை உள்ளே போனது. கட்டைவிரலை மரத்தூளுக்குள் தேடி எடுத்தார்கள்; ஒட்டவைக்க முடியவில்லை.

வாய் நிறையப் பஞ்சோடு தச்சர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தாவில் மனைவி நின்றிருந்தாள்.

"இப்ப திருப்திதானே? விரல் போயிடும், விரல் போயிடும்னு தினம் ஓதினது யாரு? கருநாக்கு!"

தச்சர் பஞ்சைத் துப்பினார். "கம்பி கட்டினது உங்க அண்ணன்டி."

"கம்பி எத்தனை நாளா இருந்துச்சு? நீங்க சொல்றதுக்கு முன்னாடி ஏதாவது ஆச்சா?"

அந்தக் கணக்கில் தச்சரால் பிசிறு கண்டுபிடிக்க முடியவில்லை. மூலைகள் அவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்திருந்தன.

"பட்டறைக்குப் போங்க. ஆனா அங்க வாயைத் திறந்தீங்க, நான் அண்ணன் வீட்டோட போயிடுவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அன்று முதல் பட்டறையில் பாதுகாப்புக்கென்று இருந்த விதி அது ஒன்றுதான். அதை எல்லோரும் கண்டிப்பாகக் கவனித்தார்கள்.

காயம் ஆறி வந்த மைத்துனர் முதல் வேலையாக மூடியைத் தூக்கிக் கட்டினார். கட்டைவிரல் இல்லாமல் கம்பியில் முறுக்கு நிற்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த தங்கைதான், "பாவம், விடுண்ணா" என்று வாங்கி இறுக்கி முறுக்கிக் கொடுத்தாள்.

மைத்துனர் அறுத்தார். சுவிட்சை விட்டார். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, அறுபட்ட துண்டை எடுக்க மிச்சமிருந்த விரல்கள் அதன் பக்கமாக நீண்டன.

தச்சரின் உதடு அசைந்தது.

பாலிஷ் போடுபவர், கண்ணாடி வெட்டுபவர், மனைவி, எல்லோரும் பதறித் திரும்பிப் பார்த்தார்கள், அவர் வாயை.