பார்லர் அக்காவும் பாதி மீசையும்

அழகு நிலையம் நடத்தும் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்தபோது, தெருவில் போகும் பெண்களின் தலையிலிருந்து கொண்டை ஊசிகள் கழன்று பறந்துவந்து அவள் மேல் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டுதான். ஊசி வாங்கும் வேலை மிச்சம் என்று அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளாக ஆக, அவள் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் பெண்கள் அவிழ்ந்த கூந்தலோடு நின்று முறைத்தார்கள். அவளோ முதுகும் தோளும் முள்ளம்பன்றியாக வீடு வந்து சேர்ந்தாள். பார்லரில் மணிக்கணக்காகப் பாடுபட்டுக் கட்டிய கொண்டை, வந்தவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த கையோடு அவிழ்ந்துவிழும்; ஊசிகள் எல்லாம் கட்டியவளிடமே திரும்பி வந்துவிடும். கைராசிக்காரி என்று பேர் எடுத்திருந்தவளைப் பற்றி, அந்த ராசி கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கூடவே அசதி. மதியம் சாப்பிட்டால் கண்ணைச் சுழற்றியது, விரல் மூட்டுகள் வலித்தன. நிறம் மட்டும் வெண்கலப் பாத்திரத்தைத் துலக்கிவைத்த மாதிரி ஏறிக்கொண்டே போனது. என்ன கிரீம் போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. களைப்பென்றால் இரும்புச்சத்து டானிக் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்த தம்பி டானிக்கைப் பெட்டியோடு வாங்கி வந்து இறக்கினான். அக்காவும் மறுக்காமல் குடித்தாள். ஒருநாள் டானிக் கரண்டி உதட்டோடு ஒட்டிக்கொண்டது. தம்பிதான் சுவரில் காலை ஊன்றி இழுத்து எடுத்தான். அவர்களுடைய அப்பாவும் இதே டானிக்கைக் குடித்தவர்தான். அவர் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது, மனுஷன் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான் என்று ஊரே முடிவு கட்டியது. அவர் ஆயுசில் தொட்ட ஒரே பாட்டில் அந்த டானிக் பாட்டில்தான். அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கரண்டி விவகாரத்துக்குப் பிறகு அக்கா டாக்டரிடம் போனாள். மேஜையில் இருந்த கத்தரிக்கோல் எழுந்துபோய் அவள் முழங்கையில் உட்கார்ந்ததைப் பார்த்தும் அவர் அசரவில்லை. உடம்பில் இரும்பு வேண்டாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்த வினை இது, மாதவிலக்கு இருந்தவரை உடம்பு தானே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது, அது நின்றதும் தேங்கிவிட்டது என்றார். இதற்கு மருந்து, ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருப்பதுதான். டானிக்கை முதலில் நிறுத்தச் சொன்னார். இதே நோய்க்காரர்களுக்கென்று ஓர் உதவி அமைப்பு இருப்பதாகச் சொல்லித் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்.

அமைப்பு ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. ஆணி அடித்தால் கூட்டம் முடிவதற்குள் யார் மேலாவது போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பெயர்ப்பலகையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் பிளாஸ்டிக். நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்; என்ன நோய் என்றே தெரியாமல் கணவரைப் பறிகொடுத்தவர். அவர் மேல் ஒரு குண்டூசிகூட ஒட்டாது. ஆனாலும் யார் எந்நேரம் போன் செய்தாலும் எடுத்துப் பேசுவார், முதல் தடவை ரத்தம் கொடுக்கப் பயப்படுகிறவர்களுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருப்பார். பஸ் நிலையத்தில் நின்று விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுப்பதும் அவர்தான். வாங்கியவர்கள் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். அக்காவிடம் அவர் முதலில் கேட்டது, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று.

"ஒரு தம்பி இருக்கான்" என்றாள் அக்கா.

"உடனே கூட்டிட்டு வந்து டெஸ்ட் எடுங்க. கூடப் பிறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. இப்பவே தெரிஞ்சா ரத்தம் எடுத்தே சமாளிச்சிடலாம். ஈரல் போனதுக்கு அப்புறம் வந்தா, உங்ககூட உக்காந்து அழத்தான் என்னால முடியும்."

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தான். கொடுவாள் மீசை; ஊருக்கே அவன் 'மீசை'தான். சில வருஷங்களாகவே அவன் நடந்து போனால் இரண்டு பக்கமும் வீடுகளின் இரும்பு கேட்டுகள் தாமாகத் திறந்துகொண்டன. தன் மேல் இருக்கும் மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் தலையசைத்தபடி போவான். டெஸ்ட் என்றதும் பிடி கொடுக்கவில்லை. ரத்தத்தை எடுத்துவிட்டால் அப்புறம் எந்த கேட்டு என்னை மதிக்கும் என்று கேட்டான். அக்கா கெஞ்சினாள், சண்டை போட்டாள், சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்தாள். அவன் மசியவில்லை. பாடம் நடத்தும்போதே தூங்கிப்போனான். ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு அவன் கண்ணயர, மாணவர் ஒருவர் சொன்ன சொல் தட்டாமல் அடுத்த தெருவரை ரிவர்ஸிலேயே போய்விட்டார். ஊர் சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் முகத்தில் அப்பாவின் கடைசி வருஷத்து நிறம் ஏறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

கொண்டை போடுவதை விட்டுவிட்டு அவள் அப்போது முடிக்குச் சாயம் போடுவதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தாள். சாயம் பூசிய தலையோடு யாரும் எழுந்து ஓட முடியாது. பஸ் நிலையத்தில் விசிறியாகிப் போன அதே நோட்டீஸைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். சாயம் காயும்வரை வேறு வேலை இல்லாத பெண்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், சந்தேகம் கேட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் புருஷனின் நகக்கண்ணையும் மாமனாரின் நிறத்தையும் உற்றுப் பார்த்தார்கள். சலவைக் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் போயின. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி என்ன, சொந்தத் தம்பி வழிக்கு வரவில்லையே என்று அக்கா பொருமினாள்.

தம்பியின் மீசை கறுப்பாக இருப்பது அக்காவின் கைவேலை. மாதம் ஒருமுறை, கடை விடுமுறையன்று, பின்வாசல் வழியாக வந்து சாயம் போட்டுக்கொண்டு போவான். இது உலகத்துக்கே தெரியாது என்று அவன் நம்பினான். அந்த மாதமும் வந்து, கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்தான். அக்கா இடது பக்க மீசைக்கு நிதானமாகச் சாயம் பூசி, காயவிட்டு, கழுவித் துடைத்தாள். பிறகு கிண்ணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

கண்ணைத் திறந்த தம்பி கண்ணாடியில் ஒரு பக்கம் காளையையும் மறுபக்கம் கிழவனையும் பார்த்தான்.

"மீதி, ரத்தம் குடுத்ததுக்கு அப்புறம்" என்றாள் அக்கா.

அவன் முதலில் சிரித்தான். பிறகு கெஞ்சினான். மறுநாள் புது மாணவர்கள் வருகிறார்கள் என்றான். வேறு கடைக்குப் போகிறேன் என்று மிரட்டினான். தாராளமாகப் போகலாம், முன்வாசல் திறந்துதான் இருக்கிறது, தெருவில் நல்ல கூட்டம் என்றாள் அவள். கைக்குட்டையால் மூடிப் பார்த்தான். வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியவன் போல இருந்தது. கடைசியில் கைக்குட்டையை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"அப்பா மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்லிட்டா என்னக்கா பண்றது?"

இரும்பு கேட்டு, மரியாதை எல்லாம் சும்மா. இத்தனை நாள் அவன் ஓடி ஒளிந்தது இதற்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆயிடக்கூடாதுன்னுதான்டா பாதியில நிறுத்தியிருக்கேன்" என்றாள்.

கணக்கு டீச்சர் ஆட்டோவோடு வந்தார். பரிசோதனைக் கூடத்துப் பெண் பாதி மீசையைப் பார்த்தும் பார்க்காதவளாக ரத்தம் எடுத்துக்கொண்டாள். அவனுக்கு இரும்பு அக்காவைவிட அதிகமாக இருந்தது. ஈரலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ஆனால் இறுகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்று மாலை அக்கா மறுபாதிக்கும் சாயம் போட்டாள். அவன் பேசிக்கொண்டே இருந்ததில் கொஞ்சம் உதட்டிலும் அப்பிவிட்டது.

இப்போது இருவரும் ஒரே நாளில்தான் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். சேர்ந்து போன முதல் தடவை நர்ஸம்மா வார்டின் இந்தக் கோடியில் அக்காவையும் அந்தக் கோடியில் தம்பியையும் படுக்கவைத்தார். ஊசி குத்திய சற்று நேரத்தில் தம்பியின் கட்டில் மெல்ல உருண்டு வந்து அக்காவின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள், திரும்ப வந்தது. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பூட்டியபடியே கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. தம்பி கூச்சத்தோடு கையை நீட்டி அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டான். நர்ஸம்மா கொஞ்ச நேரம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அடுத்த முறையிலிருந்து, வீண் வேலை எதற்கு என்று, இரண்டு கட்டிலையும் அவரே சேர்த்துப் போட்டுவிடுகிறார்.