மூன்றாவது நிமிடத்தில் அறுகிற லைன்

வாடிக்கையாளரிடம் எடுத்த எடுப்பில் தெரியாது என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அப்பா மலாக்காவில் துணி விற்றவர். நான் குருபோங்கில் கம்ப்யூட்டர் விற்கிறேன். அதனால், உதவிக்கு என்னை அழைத்த வாடிக்கையாளர் நளினி தன் மடிக்கணினியைத் திறந்து, கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்துகள் ஓடியபோது, "ஓ, லினக்ஸா" என்று தலையாட்டினேன். பத்திரிகையில் படித்ததோடு சரி.

"பழக்கந்தானேண்ணே?"

"பழக்கமில்லாமலா பைக்க வெரட்டிக்கிட்டு வந்தேன்?"

மணி மூன்றரை. நம்மூர் நேரப்படி ஐந்துக்குள் அவள் எழுதிய புரோகிராம் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் உபகாரச் சம்பளத்தோடு மேல்படிப்பு. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. மஸ்ஜித் தானா ஊரில் அவள் வீட்டுப் போன் மூன்று நாளாகச் செத்துக் கிடந்ததால், போனுக்காகவே இந்தப் பழைய ஹோட்டலில் இருபத்து மூன்றாம் எண் அறையை எடுத்திருந்தாள்.

கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் முதலில் டயல் செய்யவே மறுத்தது. ஹோட்டல் போனை எடுத்ததும் வரும் ரீங்காரம் வேறு மாதிரி. மோடம் அதை ரீங்காரமாகவே மதிக்கவில்லை. காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டு டயல் செய்யச் சொல்லும் கட்டளையை அவளே தேடி எடுத்தாள். வெளி லைனுக்கு ஒன்பது, பிறகு கொஞ்சம் நிறுத்தம் என்பதை நான் சொன்னேன். என் பங்கு அவ்வளவுதான்.

மோடம் கீச்சிட்டது, இணைந்தது. கோப்பு நகர ஆரம்பித்தது. பதினோரு நிமிட வேலை. மூன்றாவது நிமிடத்தில் அறுந்தது.

மறுபடி. மூன்றாவது நிமிடத்தில் அறுந்தது. அவள் ஏதேதோ அமைப்பை மாற்றினாள். மறுபடியும் அதே கதை.

"விண்டோஸ் போட்டுப் பாப்பமா?"

"புரோகிராமே இதுக்குள்ளதாண்ணே இருக்கு. அத அழிச்சிட்டு எத அனுப்புறது?"

"கடைக்குப் போயிரலாமா?"

"அங்கயும் இதே லினக்ஸ்தானே. அங்க அறுந்தா?"

நான்காம் முறை அறுந்தபோது மணி நாலு நாற்பது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு நிமிஷம் லேட்டானாலும் தெறக்கமாட்டோம்னு எழுதியிருக்காங்க."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கீழே இறங்கினேன். லைனை விசாரிக்கிறேன் என்று சொன்னது சாக்கு.

வரவேற்பறைக்குப் பின்னால் ஜானகியக்கா, ஹோட்டலின் ஆபரேட்டர், காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இருபத்து மூணு லைன் அறுந்து அறுந்து போகுது."

"அறுந்து போகலலா தம்பி, நாந்தான் வெட்டிவிட்டேன்" என்றார், உபகாரம் செய்தவரின் நிறைவோடு. "பாவம் அந்தப் புள்ள. காது வச்சுப் பாத்தா பேச்சே இல்ல, ஒரே கொரகொரன்னு எரைச்சல். புதுசா நல்ல லைன் கெடைக்கட்டுமேன்னு."

"எதுக்குக்கா காது வச்சீங்க?"

"எஸ்டேட் ஆபீஸ் போர்டுல பதினெட்டு வருஷம் இருந்தவ நானு. மூணாவது நிமிஷம் லைன் நல்லாருக்கான்னு பாக்கணும். பெரிய தொரைக்கே அப்படித்தான்."

அந்த இரைச்சல்தான் அவளுடைய பேச்சு என்றேன். அவள் படிப்பே அதில்தான் போகிறது என்றேன். ஜானகியக்காவின் முகம் வெளுத்தது.

அறைக்குப் போன் போட்டு, "இப்ப அடி" என்றேன். நாலு நாற்பத்தைந்து. போர்டில் இருபத்து மூன்றின் விளக்கு எரிந்தது.

இரண்டு நிமிடம் போனது. ஜானகியக்காவின் வலது கை தானாக எழுந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒன்று மேனேஜருடையது.

"எடுக்கலியாக்கா?"

"எரியட்டும். கைய எடுத்தா அந்தப் புள்ள லைன்லதான் போய் நிக்கும். எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

நாலு ஐம்பத்தேழுக்கு இருபத்து மூன்றின் விளக்கு அணைந்தது.

"நான் தொடல தம்பி" என்றார்.

உடனே அதே விளக்கு மறுபடி எரிந்தது. கைகளை உருவி, லைனை ஸ்பீக்கரில் போட்டார். நளினி அழுதுகொண்டே பேசினாள்: "போயிருச்சுண்ணே. கெடச்சதுன்னு பதிலும் வந்துருச்சு."

என்னை முந்திக்கொண்டு ஜானகியக்கா கேட்டார்: "லைன் இப்பத் தெளிவா இருக்காம்மா?"