ஐந்தாவது வரி

குளவிக்கு நான் ஒரு மண்டை ஓடுதான் கொடுத்திருந்தேன். முதலைக்கு ஐந்து, நீர்யானைக்கு ஐந்து, தேளுக்கு மூன்று. பிள்ளைகள் மண்டை ஓடுகளை எண்ணிப் பார்த்துத்தான் புத்தகத்தை வாங்க வைக்கிறார்கள் என்று விற்பனைப் பிரிவில் சொல்வார்கள். பக்கத்துக்கு ஒரு ஆபத்தான விலங்கு, மூலையில் ஆபத்தின் அளவுக்கு மண்டை ஓடுகள், கீழே மஞ்சள் பெட்டியில் 'நீ என்ன செய்ய வேண்டும்?' என்று நான்கு வரி. எழுதித் தந்தவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். அவர் எழுதியதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, பெட்டிக்குள் அடக்குவது என் வேலை. திங்கட்கிழமை காலை எங்கள் பதிப்பகத்தின் மேடம் மூன்றாம் பதிப்புக்கான பக்கங்களை என் மேசையில் வைத்தார். திருத்தம் ஒன்றும் இருக்காதே என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். நான் பதினான்காம் பக்கத்தை உருவினேன்.

பேராசிரியரின் கைப்பிரதி என் இழுப்பறையிலேயே இருந்தது. குளவிக்கு அவர் ஐந்து வரி எழுதியிருந்தார். கொட்டிய இடத்தைக் கழுவு. ஈரத்துணி வை. துணி சூடானால் மாற்று. பயப்படாதே, வலி தானே குறையும். ஐந்தாவது வரி: மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே பெரியவர்களைக் கூப்பிடு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. என் கோடு. அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது. அவசரத்தில் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

அன்று நடந்தது நினைவிருக்கிறது. பக்கங்களை வடிவமைப்பவரை நாங்கள் அங்குலம் அண்ணன் என்போம். வணக்கம் சொன்னாலும் எத்தனை அங்குலம் என்று கேட்பார். குளவியின் படம் பெரிதாக, அழகாக, பின்னங்கால்கள் பெட்டியின் விளிம்பைத் தொடும்படி இருந்தது. "அஞ்சாவது வரி வேணும்னா ஒரு கால வெட்டணும் தம்பி. அப்புறம் எண்ணிப் பாத்துட்டுக் கடுதாசி போடுவானுங்க, குளவிக்கு அஞ்சு கால்தானான்னு" என்றார். நான் சிரித்தேன். காலை விட்டுவிட்டு வரியை வெட்டினேன். கடைசி வரியை வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். மேலே உள்ளதை வெட்டினால் வரிசை குலையும், மறுபடி எண் போட வேண்டும்.

பதினாறு மாதங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறையில், கொடியில் துணி எடுக்கும்போது என் மனைவியின் கழுத்தில் குளவி கொட்டியது. வீட்டில் அவளும் மகளும்தான். மகளுக்கு அப்போது ஏழு வயது, அந்தப் புத்தகம் மனப்பாடம். இருந்தாலும் ஓடிப்போய் எடுத்து வந்து பதினான்காம் பக்கத்தைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். கழுவினாள். ஈரத்துணி வைத்தாள். அம்மாவின் முகம் பன் மாதிரி உப்பியதைப் பார்த்து இருவரும் சிரித்ததாகப் பிறகு சொன்னாள். சற்று நேரத்தில் அம்மா, தலை சுற்றுகிறது, படுக்கிறேன் என்றாளாம். மகள் துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஐந்தரை மணிக்கு நான் கதவைத் திறந்தபோது கட்டிலருகே வாளியும், சொட்டச் சொட்ட நனைந்த தலையணையும் இருந்தன. சத்தம் போடாதே என்று மகள் என்னிடம் விரல் காட்டினாள்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, பிள்ளையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே நீளமான இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்டாள், "புக்ல போட்டிருந்த மாதிரிதான் செஞ்சேன்பா. சரியாத்தானே செஞ்சேன்?"

"சரியாத்தான் செஞ்ச."

அதற்குமேல் அதைப் பற்றி நான் பேசியதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நாலும் செய்தேன் என்று சொன்னாள். சொல்லும்போது நான்கு விரல்களைக் காட்டினாள். அந்த நான்கு விரல்களை வைத்துத்தான் அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பள்ளிக்குப் போகிறாள்.

ஐந்தாவது வரியைத் தாளின் ஓரத்தில் எழுதி அங்குலம் அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். ஒரு நையாண்டியும் செய்யவில்லை. படத்தைச் சுருக்கி, ஆறு கால்களும் இருக்க, ஐந்து வரிகளும் இருக்க, மத்தியானத்துக்குள் பக்கத்தைத் தந்துவிட்டார். பத்து நிமிட வேலை. அன்றைக்கும் பத்து நிமிட வேலைதான்.

மேடத்துக்கு 'திணறினாலோ' என்ற சொல் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமே என்றார். முடியாது என்றேன். அந்த மேசையில் நான் 'முடியாது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் இளகியது. என் மனைவிக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "முதல் பக்கத்துல அவங்க பேர்ல ஒரு சமர்ப்பணம் போட்டுடலாமா?" என்று கேட்டார். கைப்பிரதியை அவர் பார்த்ததில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சிக்கல் வேறு. இந்தப் பதிப்பில் இருநூறு பிரதிகளை மகளின் பள்ளி வாங்குகிறது. அவள் வகுப்பிலேயே வாசிப்பு நேரத்துக்குக் கொடுப்பார்கள். எல்லாரும் பதினான்காம் பக்கத்தைத் திறப்பார்கள். அம்மாவின் முகம் வீங்கியதைப் பார்த்துச் சிரித்தவள், முகம் வீங்கினால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை முப்பது பிள்ளைகள் நடுவில் வாசிப்பாள்.

மாலையில் மகளைப் பார்த்துக்கொள்வது என் மனைவியின் தங்கை. மருந்துக்கடையில் காலை வேலை முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சமையலறையில் வைத்து அவளிடம் முதலில் சொன்னேன், சிவப்புக் கோடு உட்பட. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா எங்கிட்டகூடச் சொல்லல" என்றாள்.

"இல்ல."

"இப்ப அவகிட்ட சொல்லப்போறீங்க."

"சொல்லலன்னா தான்தான் தப்பு செஞ்சோம்னு நெனச்சிடுவா."

"நெனச்சா நான் பாத்துக்கறேன். நீங்க சொன்னா யாரு பாத்துக்கறது? இருக்கறது ஒரே ஒரு அப்பா, மாமா." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க பாரத்த எறக்கணும்னா வேற எங்கயாவது எறக்கி வைங்க. அது எட்டு வயசுப் புள்ள."

அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். நாளைக்கு வருவாயா என்று கேட்கத் தோன்றியது.

சனிக்கிழமை காலை புதுப் பிரதி ஒன்றைக் கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் வெயில் விழுந்திருந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு எதையும் தேடாமல் நேராகப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன. நான்காவது வரியில் நிற்கவேண்டிய உதடுகள் மேலும் அசைந்தன. எழுந்துபோய்ப் பழைய புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாள். முனைகள் சுருண்டு, பதினான்காம் பக்கம் நீர்பட்டு உப்பியிருந்தது.

"இது புதுசா?"

"பழசு. மொதல்லயே எழுதியிருந்தது. அப்பாதான் வெட்டினேன்."

"ஏன்?"

"எடம் இல்ல."

அவள் பழைய பக்கத்தைப் பார்த்தாள். படத்துக்கு மேலே, தலைப்புக்குக் கீழே, ஒன்றும் அச்சாகாத வெள்ளைப் பட்டை ஒன்று இருந்தது. அதில் தன் விரலைப் படுக்கவைத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலத்துக்கு மேலேயே இருந்தது.

"இங்க இருக்கே."

கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க அப்படிக் கொஞ்சம் வெள்ளை விடுவோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"இது இருந்திருந்தா கீழ்வீட்டு ஆன்டிய கூப்பிட்டிருப்பேன்" என்றாள். "அவங்க வீட்லதான் இருந்தாங்க. டிவி சத்தம் கேட்டுச்சு."

"ஆமாடா. உன்மேல தப்பே இல்ல. நீ சரியாத்தான் செஞ்ச."

"தெரியும்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்திருந்தேன். என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் புதுப் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள். பழையதை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். முதலை. மண்டை ஓடுகளைத் தாண்டி, படத்தைத் தாண்டி, மஞ்சள் பெட்டியின் நான்கு வரிகளையும் பள்ளியில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வாசித்து முடித்ததும் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இதுல என்ன வெட்டின?"

"ஒண்ணும் இல்ல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பினாள். நீர்யானை. வாசித்தாள்.

"இதுல?"

"ஒரு வரி."

"என்னது?"

சொன்னேன். அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தேள். பாம்பு. வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. ஜெல்லிமீன் பக்கத்துக்கு வந்தபோது, அங்கே எதை வெட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. நீல நீரில் அதன் நூல் போன்ற கைகள் பெட்டி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே, வெறும் தாளில், அவள் விரல் அசையாமல் நின்றது.