சிவப்பு மையில் அடித்த வரி

திருமூர்த்தியைப் பொறுத்தவரை ரெஸ்யூம் என்பது கல்யாணப் பத்திரிகை மாதிரி. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதா முக்கியம்? பட்டம் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும், பார்த்தவன் மலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுக்கரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் பிளேஸ்மெண்ட் ஆபீசர். அறை வாசல் பலகையில் மட்டும் 'இயக்குநர், தொழில்துறை உறவுகள்' என்று இருக்கும். தொழில்துறையோடு அவருக்கு இருந்த உறவு, வருகிற முதலாளிக்குச் சால்வை போர்த்துவதோடு முடிந்துவிடும்.

அவர் கையால் செய்த ஃபார்மட் ஒன்று உண்டு. கடைசி வருடத்துப் பிள்ளைகள் நூற்றிருபது பேரும் அதில் பெயரையும் மார்க்கையும் நிரப்பிக் கொடுப்பார்கள். நூற்றிருபது பேரும் 'சவாலான சூழலில் நிறுவனத்தோடு சேர்ந்து வளர' ஆசைப்படுவார்கள். நூற்றிருபது பேருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. கல்லூரி நூலகத்தில் சிலந்திகள் தொந்தரவில்லாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

நஸ்ரியா கொண்டுவந்தது மட்டும் அந்த ஃபார்மட்டில் இல்லை. எலக்ட்ரிகல் பிரிவு. அவள் அப்பா ரசாக்குக்கு உக்கடத்தில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. அவள் எழுதியது ஒரே பக்கம், எளிய ஆங்கிலம். முதல் வரியே இப்படி: 'ஒன்பதாம் வகுப்பிலிருந்து அத்தா கடையில் காயில் கட்டுகிறேன். எரிந்த காயிலைப் பார்த்தால் ஏன் எரிந்தது என்று சொல்வேன்.'

"என்ன அம்மணி இது? வேலை கேக்கறயா, கடைக்கு விளம்பரம் பண்றயா?"

"நெசமாத்தானுங்க சார். எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்க."

"நெசத்த எழுதறதுக்கா ரெஸ்யூம்? படிச்ச புள்ள, கையில காயிலுக்குப் பூசற வார்னிஷ் ஒட்டியிருக்குதுன்னு நீயே எழுதினா கம்பெனிக்காரன் சிரிக்க மாட்டானா?"

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். ஒருதரம் போதாதென்று இரண்டுதரம். அடித்த தாளை அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவளும் சவாலான சூழலில் வளர ஆசைப்பட்டாள்.

அடுத்த வாரம் கணபதிப் பக்கமிருந்து பம்ப் கம்பெனி முதலாளி அங்கப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் டெஸ்டர். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ரெஸ்யூம் கட்டைப் புரட்டினார். முப்பது புரட்டியதும் நிறுத்தினார்.

"ஏனுங்க சார், இதுல எது யாருதுங்க?"

"போட்டோ ஒட்டியிருக்குதுங்களே."

"அதப் பாத்துப்போட்டுத்தானுங்க கேக்கறேன்." கட்டை மூடி வைத்தார். "எனக்கு டெஸ்டிங்குக்கு ஒரே ஒரு ஆளு வேணுமுங்க. எரிஞ்சு திரும்பி வர்ற மோட்டாரைப் பிரிச்சு, இது ஏன் எரிஞ்சுதுன்னு சொல்லோணும். காயிலக் கையால தொட்ட பிள்ளைக யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. பரீட்சையெல்லாம் வேண்டாம், நாளைக்கே வரட்டும்."

திருமூர்த்தியின் நாக்கு நுனிக்கு நஸ்ரியா வந்துவிட்டாள். ஆனால் பக்கத்து நாற்காலியில் பிரின்சிபால் இருந்தார். பெயரைச் சொன்னால், காயில் வேலை ஏன் அவள் ரெஸ்யூமில் இல்லை என்ற கேள்வி வரும். பதில் சிவப்பு மையில் இருந்தது.

"எங்க பசங்க எல்லாருமே நல்லா பிராக்டிகல் தெரிஞ்சவங்கதானுங்க சார்" என்றார்.

"அப்படிங்களா. ரொம்பச் சந்தோசமுங்க. பரவாயில்லீங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

இந்தப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. 'பரவாயில்லீங்க' என்பார்கள். இதே பக்கம் வெள்ளகோவிலில் பிறந்த திருமூர்த்திக்கு இது புரியாமலில்லை.

வராண்டாவில் நஸ்ரியா ஃபைலோடு நின்றிருந்தாள். "சார், அவங்க எதுக்குங்க ஆள் கேட்டாங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல அம்மணி. உனக்குச் சரிப்படாது."

இரண்டு நாள், வராண்டாவில் நஸ்ரியாவைக் கண்டால் அவர் வேறு வழியாகப் போனார். மூன்றாம் நாள் அங்கப்பனுக்குப் போன் போட்டு, பிரின்சிபால் பக்கத்தில் இல்லாத தைரியத்தில், எல்லாவற்றையும் சொன்னார்.

"அடடா, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருத்தன் நேத்துத்தானுங்க சேர்ந்தான்."

அன்று சாயங்காலம் உக்கடத்துக்குப் போனார். அந்தப் பழைய தாளை வாங்கி, வேறு நாலு கம்பெனிக்காவது அப்படியே அனுப்பிவிடலாம் என்று எண்ணம். கடையில் நஸ்ரியா ஸ்டூலில் உட்கார்ந்து உதடு அசைய எண்ணியபடி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே ஆணியில் ஒரு தாள் குத்தியிருந்தது. அதில் பென்சிலால் ஏதோ மோட்டாரின் அளவும் சுற்றுக் கணக்கும். திருமூர்த்தி தாளைத் திருப்பினார். மறுபக்கத்தில் அவருடைய சிவப்புக் கோடுகள், இரண்டு.

"நல்ல தாளுங்க சார், வீணாக்க வேண்டாம்னு" என்றாள், கையை நிறுத்தாமல்.

"அன்னைக்கு அந்த முதலாளி கேட்டது உன்னை மாதிரி ஆளத்தான் அம்மணி. காயில் தெரிஞ்ச ஆளு. நாந்தான் வாயைத் திறக்கலை."

கை நின்றது. அவள் கம்பியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"இப்பப் போய்க் கேக்கலாமுங்களா?"

"ஆள் எடுத்துட்டாங்க."

 திருமூர்த்தி தாளை மறுபடி பென்சில் பக்கம் திருப்பிவிட்டார்.

"பரவாயில்லீங்க சார்" என்றாள். பக்கத்திலிருந்த இன்னொரு ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க, டீ சொல்றேன்."

பிறகு சுற்றிய கம்பியைப் பார்த்தாள். எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. அத்தனை சுற்றையும் பிரித்து இழுத்துவிட்டு, ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.